முதற் போட்டிக்கு முன்



சில கிழமைகளுக்கு முன்பு என் தமக்கையின் மகன் என்னிடம் வந்தான். பத்து மீற்றர் காற்றுக் கைத்துப்பாக்கிப் போட்டியொன்றுக்குப் பெயர் கொடுத்திருந்தான். அதுவே அவனுக்கு முதற் போட்டி. "மாமா, கை நடுங்காமல் இருப்பதற்கு ஏதாவது வழி சொல்லுங்கள்" என்றான்.

அப்படி ஒரு வழி இல்லை என்றேன். அவன் முகம் வாடிற்று. ஆயினும் உண்மை அதுதான். ஏறக்குறைய ஒரு கிலோகிராம் நிறையுள்ள கருவியை ஒற்றைக் கையால், எவ்விதத் தாங்கலுமின்றி நீட்டிப் பிடித்தால், உயிருள்ள எந்தக் கையும் ஆடவே செய்யும். மூச்சு ஆட்டும், நாடித் துடிப்பு ஆட்டும். உலக வீரருடைய கையும் ஆடுகிறது. அவ்வாட்டம் சிறிது என்பதே வேற்றுமை. பத்துப் புள்ளி தரும் நடுவட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீற்றர், சுண்டுவிரல் நகத்தளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். கை ஆடிச் செல்லும்போது அந்த நடுவட்டத்தைத் தாண்டும் கணத்திலேயே சுட்டுவிட வேண்டுமென்று எண்ணிப் புதியவன் விசையை வெடுக்கென்று இழுக்கிறான். கெடுவது அங்கேதான்.

இங்கே சிறு கணக்கொன்றைச் சொல்லவேண்டும். துப்பாக்கியின் நுனியிலே ஒரு முனை நிற்கிறது. பின்புறத்திலே ஒரு பிளவு இருக்கிறது. இவ்விரண்டுக்கும் இடைத்தூரம் ஒரு மீற்றரின் மூன்றிலொரு பங்கு அளவாகும். கை முழுவதும் ஒரு மில்லிமீற்றர் ஒரே சீராக நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மில்லிமீற்றரே பிசகும். ஆனால் பிளவின் நடுவிலிருந்து முனை ஒரு மில்லிமீற்றர் விலகினாலோ, பத்து மீற்றருக்கப்பால் அப்பிசகு முப்பது மில்லிமீற்றராகப் பெருகிவிடும். பத்துப் பெறவேண்டிய வேட்டு ஏழாகிவிடும். ஆகவே கண் பார்க்க வேண்டியது இலக்கை அன்று, முனையை. இலக்கு மங்கலாகத் தெரிவது குற்றமன்று, அப்படித்தான் தெரியவேண்டும்.

இதைப் பழகுவதற்குச் சன்னம் வேண்டியதில்லை. துப்பாக்கி வெறுமையாக உள்ளதென்று முதலில் ஒருமுறை, பிறகு இன்னொருமுறை பார்த்துக்கொண்டு, வெள்ளைச் சுவரொன்றை நோக்கி நின்று விசையை மெல்ல மெல்ல அழுத்தவேண்டும். விசை விடுபடும் கணத்தில் முனை அசைந்ததா என்பதே கேள்வி. நாளொன்றுக்கு அரைமணி நேரம் இதைச் செய்யச் சொன்னேன். முதல்நாளே சலித்துவிட்டதென்றான். சலிப்பான வேலைதான், மறுக்கவில்லை.

ஆனால் நான் அவனுக்குக் கற்பிக்க விரும்பியது வேறொன்று. போட்டியிலே முதற் பதினைந்து நிமிடம் ஆயத்தத்திற்கும் ஒத்திகை வேட்டுகளுக்கும் உரியது. அவை கணக்கிற் சேரா. அதன் பின் அறுபது வேட்டுகளுக்கு எழுபத்தைந்து நிமிடம். வேட்டொன்றுக்கு எழுபத்தைந்து செக்கன். ஒரு வேட்டுக்கு இவ்வளவு நேரம் வேண்டியதில்லை. மிஞ்சுவது எதற்கு? மனத்துக்கு ஒவ்வாதபோது சுடாமலே கையைத் தாழ்த்துவதற்கு. புதியவர்களுக்கு இது வருவதில்லை. உயர்த்திய கையைச் சுடாமல் இறக்கினால் பக்கத்திலுள்ளோர் பார்த்துச் சிரிப்பார்கள் என்றொரு வெட்கம். உண்மையில் யாரும் பார்ப்பதில்லை. அவரவர்க்கு அவரவர் முனை.

என் முதற் போட்டியில் நான் பட்டதைச் சொல்கிறேன். வேட்டொன்று ஆறுக்குப் போய்விட்டது. அந்த இழப்பை அப்பொழுதே ஈடுசெய்துவிடத் துடித்தேன். கையை உயர்த்தினேன்; ஏதோ சரியில்லை என்று உள்ளே ஒரு குரல் சொல்லிற்று; தாழ்த்தவில்லை, சுட்டேன். அழகான பத்து! ஆனால் பட்டது பக்கத்து வீரருடைய இலக்கில். எனக்குப் பூச்சியம். அன்று மீதமிருந்த வேட்டுகளை எப்படிச் சுட்டேன் என்பது எனக்கு இன்றும் நினைவில்லை.

கருவியும் கைவிடக்கூடும். 2021ஆம் ஆண்டில் நடைபெற்ற ரோக்கியோ ஒலிம்பிக்கிலே, தகுதிச் சுற்றின் நடுவில் இந்திய வீராங்கனை மனு பாக்கரின் துப்பாக்கி பழுதாயிற்று. திருத்தி மீள்வதற்குள் பல நிமிடங்கள் கழிந்தன. இறுதிச் சுற்றுக்கான எட்டுப் பேருள் அவர் இடம்பெறவில்லை. 2024இல் பரிஸ் ஒலிம்பிக்கிலே அதே போட்டியில் வெண்கலம் வென்றார். சரப்ஜோத் சிங்குடன் இணைந்து கலப்பு அணிப் போட்டியிலும் இன்னொரு வெண்கலம் பெற்றார். அவருக்கே அப்படி நேர்ந்ததென்றால், நம்மவன் முதல்நாளிரவே காற்றுக் குழாய் நிறைந்துள்ளதா, திருகுகள் இறுகியுள்ளனவா என்று பார்த்துவைப்பதில் வெட்கமென்ன? பார்க்கலாம், மாற்றக்கூடாது. போட்டிக்கு முதல்நாள் கைப்பிடியை அராவுவோரை நான் கண்டிருக்கிறேன். புதுச் சப்பாத்தும் அன்றைக்கு வேண்டாம். வழக்கமாக உண்பதையே உண்ணட்டும்.

பையன் போய்வந்தான். பட்டியலின் கீழ்ப்பாதியில் அவன் பெயர் இருந்தது. வீட்டுவாசலிற் சப்பாத்தைக் கழற்றும்போதே, "மாமா, பதினொரு தடவை தாழ்த்தினேன்" என்றான். பன்னிரண்டாவது தடவை தாழ்த்தியிருக்க வேண்டிய வேட்டு எதுவென்றும் அவனே சொன்னான். அது ஐந்துக்குப் போயிருந்தது.