மதமா, ஆன்மிகமா? நம் ஊர் சொல்லும் பதில்

(நமது சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



கீழ்த்தளத்தில் காலியாகக் கிடக்கும் அறையைப் பிள்ளையார் சன்னதி ஆக்குவதா, தியான அறை ஆக்குவதா என்று இரண்டு மாதமாகப் பேசுகிறோம். "ஆன்மிகம் உண்டு, சடங்கில் நம்பிக்கை இல்லை" என்கிறார்கள் இளையவர்கள். "கோயில் இல்லாமல் என்ன ஆன்மிகம்?" என்கிறார்கள் பெரியவர்கள். நம் ஊரில் வாழ்ந்த ரமணரை வைத்தே இதை யோசித்துப் பாருங்கள்.

1896 செப்டம்பர் 1-ஆம் தேதி, 16 வயதுப் பையனாக இங்கே வந்தார். அன்றே மொட்டை போட்டுக்கொண்டார், பூணூலைக் கழற்றினார், மிச்சமிருந்த காசை அய்யங்குளத்தில் எறிந்தார். எந்த மடத்திலும் முறைப்படி சந்நியாசம் வாங்கவில்லை. பிற்காலத்தில் தேடி வந்தவர்களிடம் அவர் முக்கியமாகச் சொன்னது, 'நான் யார்?' என்று உள்ளே விசாரிக்கத்தான். யாரையும் மதம் மாறச் சொன்னதில்லை.

இதோடு நிறுத்தினால் இளையவர்கள் கட்சி ஜெயித்துவிடும். ஆனால் அதே ரமணர்தான் அருணாசலத்தின் மேல் அக்ஷரமணமாலை பாடினார். பக்தர்களைக் கிரிவலம் போகச் சொன்னார். தாமும் பல வருடம் மலையைச் சுற்றினார். ஆசிரமத்தில் வேதபாராயணம் அன்றும் நடந்தது, இன்றும் நடக்கிறது. 1922-ல் மறைந்த தாயாரின் சமாதி மேல் எழுந்த மாத்ருபூதேஸ்வரர் கோயிலுக்கு 1949-ல் கும்பாபிஷேகம் நடந்தது, அவர் முன்னிலையில்தான்.

தமக்குத் தேவைப்படாததை அவர் விட்டார். அடுத்தவருக்குத் தேவைப்பட்டதைப் பிடுங்கவில்லை. நமக்கு வேண்டிய பாடம் இதுதான்.

நம் சைவமும் சரியை, கிரியை, யோகம், ஞானம் என்று நான்கு படி வைத்திருக்கிறது. கோயில் வாசலைப் பெருக்குவதில் தொடங்கி ஞானத்தில் முடிகிறது. எல்லாம் ஒரே மாடியின் படிகள். மேல் படியில் நிற்பவர் கீழ்ப்படியை இடிக்க வேண்டாம்; கீழ்ப்படியில் நிற்பவர் அதுவே மாடி என்று உட்கார்ந்துவிடவும் வேண்டாம்.

வங்கிக்காரன் பாஷையில் சொன்னால், பாஸ்புக்கே பணம் ஆகிவிடாது. அதற்காக அதைக் கிழித்துப் போட்டால் கணக்கில் பணம் ஏறிவிடவும் செய்யாது.

ஆகவே என் யோசனை: ஓரமாக ஒரு சிறிய பிள்ளையார். காலை ஏழு மணிக்குள் பூஜை, ஒலிபெருக்கி கூடாது. மற்ற நேரம் அந்த அறையில் யார் வேண்டுமானாலும் அமைதியாக உட்காரலாம். வேறு மதத்துக் குடும்பங்களும் நம்மோடு பராமரிப்புத் தொகை கட்டுகிறார்கள். எனவே பூஜைச் செலவைப் பொதுப்பணத்தில் எழுதாமல் விருப்பமுள்ளவர்கள் ஏற்க வேண்டும்.

அடுத்த கூட்டத்தில் உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.