கொட்டகைக்கு 12 வோல்ட் வெளிச்சம்

(பண்ணை ஒலிபரப்பில் இடம்பெற்ற பேச்சு)

மாட்டுக் கொட்டகையில் எந்நேரமும் ஈரம்தான். கழுவிவிட்ட தண்ணீர், கோமியம், சாணம். அந்த இடத்துக்கு 230 வோல்ட் மின்சாரத்தைக் கொண்டுபோவதைவிட 12 வோல்ட் எல்.இ.டி. விளக்குப் போடுவது நல்லது. வீட்டு மின்சாரத்தை 12 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருகிற தகரப் பெட்டி கடைகளில் கிடைக்கிறது. பவர் சப்ளை என்று கேட்டால் கொடுப்பார்கள். ஓரத்தில் வரிசையாகத் திருகாணிகள் இருக்கும்.

"12 வோல்ட்தானே, என்ன செஞ்சிடப் போவுது?" என்று சிலர் நினைக்கிறார்கள். வெளியே வருவதுதான் 12. உள்ளே போவது 230. அதை மறக்கக்கூடாது.

எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் இந்தப் பெட்டியை இரண்டு பின் பிளக்கில் மாட்டியிருந்தார். பெட்டியைத் தொட்டால் சுருசுருவென்று இருக்கிறது என்றார். "கரண்டுன்னா கொஞ்சம் அப்படித்தாங்க இருக்கும்" என்று அவரே சமாதானமும் சொல்லிக்கொண்டார். போய்ப் பார்த்தேன். பச்சைக் கம்பியை, அதாவது எர்த் கம்பியை, வேண்டாம் என்று வெட்டிவிட்டிருக்கிறார்!

இந்தப் பெட்டிகளில் சிறிதளவு மின்கசிவு இயல்பாகவே உண்டு. எர்த் கம்பி இருந்தால் அது தரைக்குப் போய்விடும். இல்லாவிட்டால் தொடுகிறவர் உடம்பு வழியாகப் போகும். என்றைக்காவது உள்ளே ஒரு கம்பி தகரத்தில் பட்டுவிட்டால், முழு 230 வோல்ட்டும் பெட்டி மேலே நிற்கும். எர்த் சரியாக இருந்தால் ஃபியூஸ் போகும். இல்லாவிட்டால் ஆள் போய்விடுவார்.

ஆகவே முதலில் வீட்டில் எர்த் வேலை செய்கிறதா என்று உரிமம் பெற்ற வயர்மேனை வைத்துச் சோதியுங்கள். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே மின்சாரத்தை நிறுத்திவிடும் ஈ.எல்.சி.பி. கருவியையும் போட்டுவிடுங்கள். பெட்டிக்கு இணைப்புக் கொடுக்கும் வேலையையும் அவரே செய்யட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று கவனிக்க வேண்டியவை இவை:

மெயினை அணைத்து, டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகே கை வைக்க வேண்டும். எல் என்ற எழுத்துள்ள திருகாணியில் பேஸ் கம்பி; அது சிவப்பு அல்லது பழுப்பு. என் என்ற எழுத்தில் நியூட்ரல். அது கறுப்பு அல்லது நீலம். எர்த் குறியில் பச்சை. நிறத்தை மட்டும் நம்பவேண்டாம், சோதித்துக்கொள்ள வேண்டும். சுவிட்ச் பேஸ் கம்பியில்தான் இருக்க வேண்டும். பக்கவாட்டில் 115, 230 என்று சிறு தள்ளு சுவிட்ச் இருந்தால் 230-ல் வையுங்கள். தவறினால் பெட்டி வெடித்துப் போகும். திருகாணி இறுக்கமாக இருக்கட்டும். தளர்ந்தால் சூடேறிக் கருகும். அதன் மேல் மூடி கட்டாயம் வேண்டும்.

பெட்டியைக் கொட்டகையில் வைக்காதீர்கள். வீட்டுக்குள்ளே, ஈரமில்லாத சுவரில், குழந்தைகளுக்கு எட்டாத உயரத்தில், காற்றோட்டமாக வையுங்கள். பக்கத்தில் வைக்கோல், சாக்கு கூடாது. கொட்டகைக்கு 12 வோல்ட் கம்பி மட்டும் போகட்டும்.

இனிக் கணக்கு. 12 வோல்ட், 5 ஆம்பியர் பெட்டி என்றால் 60 வாட். முழுதும் ஏற்றாமல் 9 வாட் விளக்கு ஐந்து, அதாவது 45 வாட்டோடு நிறுத்துங்கள். கொட்டகை 20 மீட்டர் தள்ளியிருந்து 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி போட்டால், வழியிலேயே ஏறக்குறைய 1.8 வோல்ட் குறைந்துவிடும், விளக்கு மங்கும். 2.5 கம்பி போட்டால் குறைவது 1.1 வோல்ட்தான். பெட்டியை விட்டு வெளியே வரும் பிளஸ் கம்பியில் 5 ஆம்பியர் ஃபியூஸ் ஒன்றும் போடுங்கள். மைனஸ் கம்பியை நியூட்ரலோடு சேர்க்கவே கூடாது.

பெட்டி பழுதானால் நீங்களே திறக்காதீர்கள். அணைத்த பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் சிறிது நேரம் தங்கியிருக்கும்.

யாருக்காவது ஷாக் அடித்தால் பதறிப்போய் அவரைத் தொடாதீர்கள். முதலில் மெயினை அணையுங்கள். முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையால் கம்பியைத் தள்ளிவிட்டு, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.

அந்த விவசாயி இப்போது மூன்று பின் பிளக் போட்டுவிட்டார். பெட்டியும் சுருசுருப்பதில்லை. உங்கள் வீட்டிலும் பச்சைக் கம்பி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.