வரைபடம் பொய் சொல்லாதிருக்க: நிலவரைபட மென்பொருளின் சூழல் மாறிகளும் அமைப்புகளும்

(பஹ்ரைன், ஈசா டவுன் வாழ் தமிழ்ப் பெற்றோர்க்கும் இளையோர்க்கும் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



ஓர் ஊரில் பிறந்து அவ்வூரிலேயே வாழ்பவருக்கு வரைபடம் தேவையில்லை. குளம் எங்கே, கோயில் எங்கே, வாய்க்கால் எந்த வயலைத் தொட்டுச் செல்கிறது என்பதெல்லாம் அவர் கால்களுக்கே தெரியும். யாரேனும் தவறாக வரைந்து காட்டினால் அவர் கண்ணே அதைத் திருத்திவிடும். ஆனால் கடல் கடந்து வாழ்வோரின் நிலை வேறு. வளைகுடாவில் பிறந்து வளரும் பிள்ளைக்குப் பெற்றோரின் ஊர் என்பது, விடுமுறையில் கண்ட சில காட்சிகளும், கணினித் திரையில் தெரியும் வரைபடமுமே ஆகும். அந்த வரைபடம் பொய் சொன்னால், அப்பொய்யைக் கண்டுபிடிக்க எதிரே ஊர் இல்லை. எனவே, மென்பொருளின் அமைப்புகளைப் பிறரைவிட நுணுக்கமாக அறிந்திருக்க வேண்டிய பொறுப்பு புலம்பெயர்ந்தோருக்கே அதிகம் உண்டு. இவ்வுரையின் மையக் கருத்து இதுவே.

இன்று நிலவரைபடம் வரையப் பெரும் பொருட்செலவு தேவையில்லை. கேரி ஷெர்மன் என்பவர் 2002ஆம் ஆண்டில் தொடங்கிய கியூஜிஐஎஸ் என்னும் கட்டற்ற மென்பொருள், உலகெங்கும் உள்ள ஆர்வலர்களின் உழைப்பால் வளர்ந்து, விலையின்றிக் கிடைக்கிறது. அதன் அடித்தளத்தில் வேறு இரு மென்பொருள் நூலகங்கள் உள்ளன. ஒன்று, ஃபிராங்க் வார்மர்டாம் 1998இல் தொடங்கிய ஜிடிஏஎல். பலவகை வரைபடக் கோப்புகளைப் படிப்பதும் எழுதுவதும் அதன் பணி. மற்றொன்று ப்ராஜ். ஓர் அளவுமுறையில் உள்ள இடக்குறிகளை வேறோர் அளவுமுறைக்கு மாற்றுவது அதன் பணி. இம்மூன்றும் ஒன்றாகவே கணினியில் நிறுவப்படுகின்றன. நிறுவுவதில் சிக்கல் பெரும்பாலும் இல்லை. சிக்கல் அதன் பின்னரே தோன்றுகிறது.

மென்பொருளுக்கு மூன்று செய்திகளைச் சரியாகத் தெரிவிக்க வேண்டும். அதற்கு வேண்டிய தரவு எங்கே உள்ளது? கோப்பில் உள்ள எண்கள் எந்த அளவுமுறையைச் சேர்ந்தவை? பெயர்கள் எந்த எழுத்துக் குறியாக்கத்தில் உள்ளன? இவற்றை ஒவ்வொன்றாகக் காணலாம்.

சூழல் மாறி என்பது யாது?

திருமண வீட்டுச் சமையலறைக்குப் புதிதாக ஒரு சமையற்காரர் வருகிறார். அரிசி எங்கே, உப்பு எங்கே என்று அவருக்குத் தெரியாது. சுவரில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டுள்ளது: "உப்பு, மேல் அலமாரியில்." அவர் கேள்வி கேட்காமல் அங்கே கை நீட்டுகிறார். கணினியின் இயங்குதளம் வைத்திருக்கும் இத்தகைய சீட்டே சூழல் மாறி. அதற்கு ஒரு பெயரும் ஒரு மதிப்பும் உண்டு. மென்பொருள் தொடங்கும்போது இயங்குதளம் அச்சீட்டுகளின் படியை அதனிடம் கொடுத்துவிடுகிறது. தொடங்கிய பின்னர் சீட்டை மாற்றினால் அது தெரிந்துகொள்ளாது. மாறியை மாற்றியவர்கள் மென்பொருளை மூடித் திறக்க வேண்டியிருப்பதன் காரணம் இதுதான்.

நிலவரைபடப் பணியில் மூன்று மாறிகள் முதன்மையானவை. "பாத்" என்பது இயக்கக் கோப்புகளை எந்தக் கோப்புறைகளில், எந்த வரிசையில் தேட வேண்டும் என்று சொல்வது. "ஜிடிஏஎல் டேட்டா" என்பது ஜிடிஏஎல் நூலகத்தின் துணைக்கோப்புகள் உள்ள இடத்தைக் காட்டுவது. "ப்ராஜ் லிப்" என்பது அளவுமுறைகளின் தரவுத்தளம் உள்ள இடத்தைக் காட்டுவது. இம்மூன்றாவது மாறிக்கு, 2022இல் வெளிவந்த ப்ராஜ் 9.1 பதிப்பு முதல் "ப்ராஜ் டேட்டா" என்னும் புதிய பெயர் வழங்குகிறது. பழைய பெயரும் ஏற்றுக்கொள்ளப்படுகிறது. கணினியில் இவை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், இரு சொற்களுக்கிடையே அடிக்கோடு இட்டு எழுதப்படும்.

சிக்கல் எவ்வாறு எழுகிறது? ஒரே கணினியில் கியூஜிஐஎஸ் மென்பொருளும், இடக்குறிகளைக் கையாளும் வேறொரு தரவுத்தள மென்பொருளும் நிறுவப்பட்டுள்ளன என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டாவது மென்பொருள், தன் வசதிக்காக "ப்ராஜ் லிப்" மாறியைக் கணினி முழுவதற்குமாக எழுதிவிடுகிறது. ஒரு சமையலறைக்கான சீட்டு எல்லாச் சமையலறைகளிலும் ஒட்டப்பட்டதைப் போன்றது இது. ப்ராஜ் நூலகம் தன் தரவுத்தளத்தை விட்டுவிட்டு, மற்றதன் பழைய தரவுத்தளத்தைத் திறக்கிறது. பதிப்பு பொருந்தவில்லை, இது வேறொரு நிறுவலிலிருந்து வந்தது என்னும் பிழைச்செய்தி தோன்றுகிறது. அல்லது அளவுமுறைகளின் பட்டியலே வெறுமையாகக் காட்சியளிக்கிறது. பலர் உடனே மென்பொருளை நீக்கி மீண்டும் நிறுவுகின்றனர். பயன் இல்லை. சீட்டு சுவரிலேயே இருக்கிறதே!

தீர்வு எளிது. விண்டோஸ் இயங்குதளத்தின் சூழல் மாறிகள் பட்டியலில் பயனருக்குரியவை, கணினி முழுமைக்கும் உரியவை என இரு பகுதிகள் உண்டு. இரண்டிலும் அம்மாறி உள்ளதா என்று முதலில் பார்க்க வேண்டும். தேவையற்றதெனில் அதன் மதிப்பைக் குறித்துவைத்துக்கொண்டு நீக்கலாம். மற்ற மென்பொருளுக்கு அது தேவையெனில், கியூஜிஐஎஸ்ஸின் செட்டிங்ஸ், ஆப்ஷன்ஸ், சிஸ்டம் என்னும் வழியே சென்று, என்விரான்மென்ட் பகுதியில் அம்மாறிக்குத் தனி மதிப்பு தரலாம். இருப்பதை மாற்றி எழுதவும், முன்னால் அல்லது பின்னால் சேர்க்கவும், முற்றிலும் அகற்றவும் அங்கே வழி உண்டு. தற்போது நடப்பில் உள்ள மாறிகளின் பட்டியலும் அங்கேயே காணக்கிடைக்கும். கட்டளை வரியில் பணிபுரிபவர்கள், கியூஜிஐஎஸ் நிறுவலோடு வரும் ஓஎஸ்ஜியோ4டபிள்யூ என்னும் கட்டளைச் சாளரத்தைப் பயன்படுத்துவது நல்லது. அச்சாளரம் தனக்குரிய மாறிகளைத் தானே அமைத்துக்கொள்ளும். பொது விதி இதுதான்: கணினி முழுமைக்கும் மாறியை எழுதுவது கடைசி வழியாகவே இருக்க வேண்டும்.

எண் சரி, இடம் தவறு

முதற்சிக்கல் பிழைச்செய்தியாவது தருகிறது. இரண்டாவது சிக்கல் அதுவும் தருவதில்லை. எனவே அது மேலும் ஆபத்தானது.

ஈசா டவுன் ஏறத்தாழ வடக்கு 26.17 பாகை அட்சரேகையிலும் (அகலாங்கு), கிழக்கு 50.55 பாகை தீர்க்கரேகையிலும் (நெட்டாங்கு) அமைந்துள்ளது. "அட்சரேகை, தீர்க்கரேகை" என்று சொல்லியே பழகிய மாணவர் ஒருவர், எண்களையும் அதே வரிசையில் உள்ளிடுகிறார். மென்பொருளோ முதற்கட்டத்தில் கிழக்கு மேற்கையும், இரண்டாம் கட்டத்தில் வடக்கு தெற்கையும் எதிர்பார்க்கிறது. விளைவு? ஈசா டவுன், உக்ரைன் நாட்டின் ரிவ்னே நகருக்கு அருகே போய் அமர்கிறது. 2019இல் வெளிவந்த ஜிடிஏஎல் 3ஆம் பதிப்பு, ஒவ்வோர் அளவுமுறையின் அதிகாரபூர்வ வரிசையையே பின்பற்றத் தொடங்கியது. அதனால் பழைய நிரல்களைப் பயன்படுத்தியவர்கள் பலர் இத்தகைய இடமாற்றத்தைக் கண்டு திகைத்தனர்.

இப்பிழை பெரிது என்பதால் உடனே புலப்படும். சிறிய பிழையே மறைந்து நிற்கும். பூமியின் வடிவத்தை வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு அளவினதாகக் கொண்டு நாடுகள் தம் நிலத்தை அளந்தன. வளைகுடாப் பகுதியின் பழைய வரைபடங்கள் பல "ஐன் எல் அப்து 1970" என்னும் அடிப்படையில் அமைந்தவை. இன்றைய செயற்கைக்கோள் இடங்காட்டிகள் பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84. பஹ்ரைனில் முன்னதன் எண்களைப் பின்னதாகக் கொண்டு படித்தால், கட்டடங்கள் பல பத்து மீட்டர் விலகி நிற்கும். வீடு அடுத்த தெருவுக்குப் போய்விடும். மென்பொருள் வாய் திறக்காது.

இவ்வளவுமுறைகளுக்கு ஈபிஎஸ்ஜி எண்கள் உண்டு. ஐரோப்பிய எண்ணெய் நில அளவைக் குழு தொகுத்த பட்டியல் என்பதால், எண்ணெய் வளம் கொண்ட வளைகுடாவுக்கு அது அந்நியமன்று. பஹ்ரைனுக்கு, ஐன் எல் அப்து அடிப்படையிலான யூடிஎம் 39ஆம் வடமண்டலத்தின் எண் 20439. டபிள்யூஜிஎஸ் 84 அடிப்படையிலான அதே மண்டலத்தின் எண் 32639. தமிழ்நாட்டையோ 78 பாகை தீர்க்கரேகை இரண்டாகப் பிரிக்கிறது. கோயம்புத்தூர் 43ஆம் மண்டலத்திலும், மதுரை 44ஆம் மண்டலத்திலும் வருகின்றன. ஒன்றின் எண்களை மற்றதில் இட்டால் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் பிழை நேரும்.

இலங்கையின் நிலை மேலும் கவனத்திற்குரியது. அங்குப் பழைய கந்தவளை அடிப்படையிலான கட்ட அமைப்பின் எண் 5234. 1999ஆம் ஆண்டின் புதிய கட்ட அமைப்பின் எண் 5235. முன்னதில் தொடக்க மதிப்பு இருதிசையிலும் 2,00,000 மீட்டர். பின்னதில் 5,00,000 மீட்டர். புதிய முறையில் எழுதப்பட்ட யாழ்ப்பாணத்துக் கிணறு ஒன்றைப் பழைய முறையில் படித்தால், அது கிழக்கே 300 கிலோமீட்டரும் வடக்கே 300 கிலோமீட்டரும் நகர்ந்து வங்கக்கடலில் மிதக்கும். பாட்டனார் வெட்டிய கிணறு கடலில் கிடப்பதைக் கண்டு பேரப்பிள்ளை சிரிக்கலாம். ஆனால் அதே கவனக்குறைவு சில பத்து மீட்டர் அளவில் நேர்ந்தால், கிணறு பக்கத்து வளவுக்குள் போய்விடும். அப்போது சிரிக்க எவரும் இரார். காணியின் எல்லை என்பது குடும்பங்களின் உரிமை.

இங்கே பலர் செய்யும் தவறு ஒன்றைச் சொல்ல வேண்டும். கியூஜிஐஎஸ்ஸில் ஒரு படலத்திற்கு அளவுமுறையைக் குறித்தல் என்பது வேறு. அப்படலத்தை வேறோர் அளவுமுறைக்கு மாற்றுதல் என்பது வேறு. முன்னது பாத்திரத்தின் மேல் பெயர் எழுதுவது போன்றது. பின்னது உள்ளிருப்பதையே வேறு படியால் அளந்து ஊற்றுவது போன்றது. பெயரை மட்டும் மாற்றினால் பாலைத் தயிர் என்று சொன்னதாகிவிடும். மாற்ற வேண்டியபோது "ரீப்ரொஜெக்ட்" என்னும் கருவியையே பயன்படுத்த வேண்டும்.

தமிழ்ப் பெயர் தமிழாகத் தெரிய

மூன்றாவது எழுத்துக் குறியாக்கம். வளைகுடாவின் பழைய வடிவக்கோப்புகளில் அரபுப் பெயர்கள் விண்டோஸ் 1256 குறியாக்கத்தில் இருக்கக்கூடும். தமிழ்ப் பெயர்களுக்கு யூடிஎஃப்-8 வேண்டும். படலத்தின் அமைப்பில் இதனைத் தவறாகக் குறித்தால், பெயர்கள் பொருளற்ற குறிகளாகவோ கேள்விக்குறிகளாகவோ தோன்றும். அந்நிலையில் கோப்பைச் சேமித்துவிட்டால் உண்மைப் பெயரே அழிந்துபோகக்கூடும். எனவே பெயர் சரியாகத் தெரியும்வரை சேமிக்கலாகாது.

இன்னொரு நுட்பமும் உண்டு. யூடிஎஃப்-8 முறையில் தமிழின் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் இடம் கொள்கிறது. "ஈசா டவுன்" என்னும் சிறு பெயருக்கே 25 பைட் தேவை. பெயர்ப் புலத்திற்கு 20 பைட் மட்டுமே ஒதுக்கியிருந்தால் பெயரின் வால் அறுந்துவிடும். வடிவக்கோப்பில் ஓர் எழுத்துப் புலத்தின் உச்ச அளவே 254 பைட்தான். 2014இல் தரமாக ஏற்கப்பட்ட ஜியோபேக்கேஜ் வடிவத்தில் இத்தடைகள் இல்லை. புதிதாகத் தொடங்குவோர் அதனையே கொள்வது நன்று.

இருவரும் சேர்ந்தே செய்ய வேண்டிய பணி

இவற்றையெல்லாம் கற்பதால் என்ன பயன் என்று பெற்றோர் கேட்கலாம். 2015 டிசம்பரில் சென்னையை வெள்ளம் சூழ்ந்தபோது, நீர் தேங்கிய தெருக்களை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் அடிப்படையிலான இணைய வரைபடத்தில் ஆர்வலர்கள் குறித்தனர். அத்தகைய நாளில் ஒரு புள்ளி ஐம்பது மீட்டர் தள்ளி நின்றால், உதவி அடுத்த தெருவுக்குப் போகும்.

அதே ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் எந்த ஊருக்கும் தமிழ்ப் பெயரைத் தனிப் புலத்தில் சேர்க்க இயலும். சிற்றூர்களின் குளங்களும் வாய்க்கால்களும் பல இன்னும் பெயரின்றியே கிடக்கின்றன. அப்பெயர்கள் இன்று முதியோரின் நினைவில் மட்டும் வாழ்கின்றன.

ஆகவே பணியைப் பகிர்ந்துகொள்ளலாம். பிள்ளை மாறிகளையும் அளவுமுறையையும் குறியாக்கத்தையும் சரிபார்க்கட்டும். பின்னர், ஊரில் ஐயமின்றித் தெரிந்த மூன்று இடங்களை, கோயில் கோபுரம், தொடருந்து நிலையம், குளக்கரை முனை என்பன போன்றவற்றை, செயற்கைக்கோள் படத்தின் மீது வைத்துப் பார்க்கட்டும். அருகில் தாயோ தந்தையோ தாத்தாவோ அமர்ந்து, "குளம் கோயிலுக்கு மேற்கே அல்லவா இருக்க வேண்டும்?" என்று கேட்கட்டும். மென்பொருள் எழுப்பாத எச்சரிக்கையை அந்த ஒரு கேள்வி எழுப்பிவிடும். ஊர் எதிரே இல்லாத குறையை, ஊரை அறிந்தவர் ஒருவரின் நினைவு ஈடுசெய்கிறது.

அமைப்புகளை அறிந்த இளையோர் உள்ளனர். ஊரை அறிந்த பெற்றோர் உள்ளனர். பின்னவரின் நினைவு மங்குவதற்கு முன் இருவரும் ஒரே திரையின் முன் அமர வேண்டும். அதற்கு ஒரு வெள்ளிக்கிழமை மாலை போதும்.