பதிவேட்டில் ஒரு பூஜ்யம்



'இந்த வாரம் திடீர் வாதம் கண்ட குழந்தைகள்: பூஜ்யம்.' ஒரு மாவட்டச் சுகாதாரப் பதிவேட்டில் வாராவாரம் இப்படியே எழுதிவந்தால், நல்ல செய்திதானே என்று நமக்குத் தோன்றும். போலியோ வேலையில் ஊறியவர்கள் அதைப் பார்த்தால் பதறிப்போவார்கள்.

போலியோவே இல்லாத ஊரிலும் சில பிள்ளைகளுக்குத் திடீரெனக் கை கால் துவண்டுவிடும். குய்லன் பாரே நோய், தண்டுவட அழற்சி என்று காரணங்கள் பல. 15 வயதுக்கு உட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஒருவராவது இப்படிக் கண்ணில் பட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனம் வைத்திருக்கும் அளவுகோல். அந்த ஒருவர்கூடத் தென்படாத மாவட்டத்தில், யாரும் தேடவில்லை என்றுதான் கொள்ள வேண்டும்.

2014, 2015-ஆம் ஆண்டுகளில் மேற்கு ஆப்பிரிக்காவின் கினியா, லைபீரியா, சியாரா லியோன் ஆகிய மூன்று நாடுகளிலும் தேடுவதற்கு ஆளில்லாமல் போனது. எபோலா 11,000 பேருக்கு மேல் பலி வாங்கியது. அவர்களில் 500-க்கும் அதிகமானோர் மருத்துவப் பணியாளர்கள். ஆஸ்பத்திரிக்குப் போனால் எபோலா ஒட்டிக்கொள்ளும் என்று ஜனங்கள் பயந்தார்கள். சொட்டு மருந்து முகாம்கள் நின்றன.

அடுத்து நான் சொல்லப்போவது மலத்தைப் பற்றி. சாப்பிட்டுக்கொண்டே கேட்பவர்கள் பொறுத்தருள வேண்டும். இந்தக் கதைக்கு நாயகனே அதுதான். போலியோதானா என்று அறிய, கால் துவண்ட குழந்தையிடமிருந்து 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மல மாதிரிகள் எடுக்க வேண்டும். கட்டைவிரல் நுனியளவு போதும். வாதம் கண்ட 14 நாட்களுக்குள் எடுத்து, திருகுமூடி டப்பாவில் அடைத்து, ஐஸ் பெட்டியில் வைத்து, குளிர்ச்சி குறையாமல் ஆய்வகம் சேர்க்க வேண்டும். இந்த மூன்று நாடுகளிலும் அப்போது போலியோ ஆய்வகம் இல்லை. மாதிரிகள் அபிஜான், டக்கார் போன்ற வெளிநாட்டு நகரங்களுக்குத்தான் போயாக வேண்டியிருந்தது. எபோலாவோ மலத்திலும் பரவக்கூடியது. அந்த நேரத்தில் டப்பாவைத் தொடுவது யார், ஏற்றிச் செல்வது யார்? 2014 ஆகஸ்டில், அபிஜான் இருக்கும் ஐவரி கோஸ்ட் தன் எல்லையையே மூடிவிட்டது.

தேடல் நின்றதற்குக் கொடுத்த விலை என்ன தெரியுமா? 2015-ல் கினியாவின் கங்கான் பகுதியில் ஒரு குழந்தைக்கு வாதம் கண்டது. வைத்தியத்துக்காக அக்குழந்தையைப் பக்கத்து நாடான மாலியின் தலைநகர் பமாகோவுக்குக் கொண்டுபோனார்கள். அது போலியோ என வெளிச்சத்துக்கு வந்தது அங்கேதான். சொட்டு மருந்தில் இருக்கும் வலுக்குறைந்த வைரஸ், மருந்து பெறாத பிள்ளைகள் நிறைந்த இடத்தில் மாதக்கணக்கில் ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பரவினால், பழைய வீரியத்தைத் திரும்பப் பெற்றுவிடும். இந்தக் குழந்தையைத் தாக்கியது அந்த வகை. இதன் நெருங்கிய உறவான வைரஸ் 2014 ஆகஸ்டிலேயே கங்கானில் உள்ள சிகிரியில் தலைகாட்டியிருந்தது. அப்படியானால் ஓராண்டுக்கு மேல் அது கண்ணில் படாமலே சுற்றியிருக்கிறது. பிறகு தேடத் தேட, கினியாவிலேயே மேலும் சில குழந்தைகள் அகப்பட்டார்கள்.

கண்காணிப்பை மீட்கும் பணி பழைய நோட்டுகளைப் புரட்டுவதில் தொடங்கும். கண்காணிப்பு அலுவலர் ஒவ்வொரு ஆஸ்பத்திரியாகப் போய், புறநோயாளிப் பதிவேட்டை மாதக்கணக்கில் பின்னோக்கிப் படிப்பார். 'கால் பலவீனம்', 'நடக்க முடியவில்லை' என்று யாரோ கிறுக்கியிருந்த வரியைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிராமத்துக்கே போவார். அடுத்து நாட்டு வைத்தியர்களையும் எலும்பு கட்டுபவர்களையும் பார்ப்பார். கால் துவண்ட பிள்ளையைத் தாய் முதலில் அவர்களிடம்தானே தூக்கிப் போகிறாள்? அவர்களை மதித்து வேலையில் சேர்த்துக்கொண்ட இடத்தில்தான் கண்காணிப்பு உயிர்பெறும் என்பது என் எண்ணம். எந்த ஆய்வகக் கருவியும் அதற்கு ஈடாகாது.

எபோலா காலத்தில் வீடுவீடாக அலைந்து பழகிய ஊர்த் தொண்டர்கள் இன்னொரு பலம். ஆனால் நெருக்கடி தீர்ந்தால் நிதியும் தீரும், ஆட்களும் கலைவார்கள். லைபீரியா 2016-ல் ஒரு நல்ல காரியம் செய்தது. சுகாதார நிலையத்திலிருந்து 5 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் ஊர்களுக்குச் சம்பளம் வாங்கும் சுகாதார உதவியாளர்களை நியமிக்கும் திட்டத்தைத் தொடங்கியது. இந்த முதலீடு வீண்போகாது என்பதற்கு நைஜீரியா சாட்சி. அங்கே போலியோவுக்காகப் பயிற்சி பெற்றவர்கள்தான் 2014-ல் எபோலா பாதிப்பை 20 பேரோடு நிறுத்த உதவினார்கள்.

கட்டிய அமைப்பு நிலைத்து நிற்பதும் எளிதல்ல. கொரோனா வந்த 2020-ல் போலியோ முகாம்கள் மறுபடியும் சில மாதங்கள் நின்றன. அதே ஆண்டில் கினியாவிலும் சியாரா லியோனிலும் சொட்டு மருந்து வைரஸிலிருந்து உருவாகும் போலியோ பரவியது.

நேயர்களே, நம் ஊரிலும் இதே கண்காணிப்பு இன்றும் நடக்கிறது. 15 வயதுக்கு உட்பட்ட எந்தப் பிள்ளைக்காவது திடீரெனக் கையோ காலோ துவண்டால், அடிபட்டதாக இருக்கும், சுளுக்காக இருக்கும் என்று நீங்களே முடிவு கட்டிவிடாதீர்கள். உடனே பக்கத்திலுள்ள அரசு மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள். மாதிரி எடுக்க 14 நாட்கள்தான் அவகாசம்.