வலைக்கண்ணும் ஓலைப்பெட்டியும்

(பழவேற்காட்டு ஏரிக்கரைக் கிராமங்களின் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்களுக்குச் செய்த பிரசங்கம்)



வலை விலைக்குக் கிடைக்கும்போது கையால் பின்னுவானேன் என்று வாலிபர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். பருத்தி நூல் வலையைப் பட்டைச் சாயத்தில் தோய்த்து, ஓயாமல் உலர்த்திக் காக்க வேண்டியிருந்தது. நைலான் வலை மட்குவதில்லை. அந்தப் பழைய பாரத்தை மீண்டும் சுமக்கும்படி நான் சொல்ல வரவில்லை.

ஆயினும், விலைக்கு வாங்கிய வலையும் நண்டு கிழித்த அன்றே உங்கள் கைக்குத் திரும்புகிறது. கால் கட்டைவிரலில் வலையை மாட்டி இழுத்துப் பிடித்து, கண்ணுக்குக் கண் முடிச்சிடும் பெரியவரைப் பாருங்கள். மீன் படாத நாளிலும் அவர் அவ்வேலையில் சோர்வதில்லை. காற்றும், முகத்துவாரமும், பாடு முறையில் தமக்கு வரும் இடமும் அவர் வசத்தில் இல்லை. முடிச்சு ஒன்றே அவருடையது. அது செவ்வையாக விழுந்ததா என்று விரல் நுனியே அவருக்குச் சொல்லிவிடும். அந்தச் சந்தோஷத்தைப் பதிவதற்குக் குமாஸ்தாவின் புத்தகத்தில் இடமில்லை!

இவ்வூர் முஸ்லிம் பெண்மணிகள் பனங்குருத்தோலையை உலர்த்தி, வார்ந்து, சாயமேற்றிப் பெட்டிகள் முடைகிறார்கள். முடித்த பெட்டியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்த்த பிறகே கீழே வைக்கிறார்கள். வாங்குபவர் பார்க்காத பக்கம் அது.

இந்த மனநிறைவையே சாக்காகக் கொண்டு, "ஓய்வு நேரத்து வேலைதானே" என்று கூலியைக் குறைப்பவரும் உண்டு. இது பெரும் அநியாயம். 1613-ஆம் ஆண்டில் இங்கே ஜெல்டிரியா கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர், இக்கரையிலிருந்து துணிகளைக் கீழ்த்திசைத் தீவுகளுக்கு ஏற்றினார்கள். கட்டமிட்ட கைலியை மலாய் மக்கள் இன்றும் 'பெலிக்காட்' என்றே சொல்லுகிறார்கள். அது இவ்வூரின் பெயர். நெய்தவர்களின் பெயரை யார் அறிவார்? கப்பலும் விற்பனையும் அவர்கள் கையில் இல்லை.

ஆகவே சங்கமானது குருத்தோலையை மொத்தமாக வாங்கி இருப்பு வைக்க வேண்டும். பெட்டியின் அளவுக்கேற்பக் கூலியை எல்லோரும் பார்க்க எழுதி ஒட்டவேண்டும்; வியாபாரியுடன் விலை பேசும்போது முடைந்தவரும் உடன் இருக்கவேண்டும். வலை பழுதுபார்க்கும் நாளையும் வேலைநாளாகவே கணக்கில் பதியுங்கள். இன்னொன்று: சங்கக் கூட்டத்தை அடுப்பு மூட்டும் நேரத்தில் வைக்காதீர்கள், பிற்பகலில் வைத்தால் பெண்மணிகளும் தங்கள் ஓலையுடன் வந்து அமர்வார்கள்.