விளையாட்டு வாளுக்கு எந்த ஊர் நீதிமன்றம்?



கேமரன் மலை கியா பார்ம் சந்தையில் வாங்கிய முட்டைக்கோஸ் அழுகல் என்றால், மறுநாள் அதே கடைக்காரரைப் போய்க் கேட்கலாம். பொருளும் இங்கே, ஆளும் இங்கே. அதே ஊர் இளைஞர் ஒருவர் இணைய விளையாட்டில் வரும் அரிய வாள் ஒன்றுக்கு 3,400 ரிங்கிட் கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 2025இல் நடைமுறைக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளப்படி அது இரண்டு மாத உழைப்பு. விற்றவர் சிங்கப்பூரில், விளையாட்டு நிறுவனம் அமெரிக்காவில். பணம் போனது, வாள் வரவில்லை. அவர் எந்த நீதிமன்றப் படியேறுவது?

முதல் தடை, படிக்காமலே 'சம்மதம்' என்று அழுத்திய நிபந்தனைகள். வாள் ஆட்டக்காரருக்குச் சொந்தமல்ல, பயன்படுத்த அனுமதி மட்டுமே என்றும், வழக்கு நிறுவனத்தின் ஊரில்தான் என்றும் பெரும்பாலும் எழுதியிருக்கும். ஆனால் அது கல்மேல் எழுத்தல்ல. 'செகண்ட் லைஃப்' மெய்நிகர் உலகில் நிலம் வாங்கியவரின் வழக்கில், சான்பிரான்சிஸ்கோ நடுவர்களிடமே போக வேண்டும் என்ற நிபந்தனை நியாயமற்றது என்று பென்சில்வேனியா கூட்டரசு நீதிமன்றம் 2007இல் ஒதுக்கியது.

2022இல் சிங்கப்பூர் உயர்நீதிமன்றத்துக்கு ஒரு மின்னிலக்கக் குரங்குப் படம் வந்தது. அதை அடகு பிடித்தவர் புனைபெயரில் ஒளிந்திருந்தார். யார், எந்த நாட்டவர் என்றே தெரியாது. வழக்காளி சிங்கப்பூரில் இருக்கிறார், ஏதாவதொரு நீதிமன்றம் விசாரித்தாக வேண்டும் என்று கூறி, படத்தை விற்கத் தடை விதித்தது நீதிமன்றம்.

2025 அக்டோபரில் சென்னை உயர்நீதிமன்றம், கிரிப்டோ நாணயமும் சொத்தே என்றது. நடுவர் மன்றம் சிங்கப்பூரில் என்று ஒப்பந்தம் சொன்னாலும், பணம் சென்னை வங்கிக் கணக்கிலிருந்து போனதால் இடைக்காலப் பாதுகாப்பு தரலாம் என்று நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் தீர்ப்பளித்தார். நாணயமும் விளையாட்டு வாளும் ஒன்றல்ல. ஆனாலும் பணம் புறப்பட்ட ஊருக்கு மதிப்புண்டு என்பது நமக்கு நல்ல செய்தி.

மலேசியாவில் வணிகமாக விற்பவர்மீது பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தில் 50,000 ரிங்கிட் வரை மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் விற்றவரின் பெயரும் முகவரியும் தெரியாவிட்டால், தீர்ப்பு கையில் இருந்தும் வசூலிக்க வழியில்லை.

ஆகவே பணம் அனுப்புமுன் விற்பவரின் பெயர், முகவரியைக் கேளுங்கள். உரையாடலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். ஏமாந்தது தெரிந்தவுடன் 997 எண்ணை அழையுங்கள், போலீஸ் புகார் கொடுங்கள். வாள் கற்பனைதான், அதற்குக் கொடுத்த பணம் கற்பனையல்ல.