விமானத்துக்கு என்ன வயசு? சக்கரத்தைக் கேளுங்க!

போன எபிசோடுக்குக் கீழே ஒரு கேள்வி வந்திருந்துச்சு: "பழைய சின்ன விமானத்துல ஏறலாமா? அதோட சக்கரத்தை நம்பலாமா?" நல்ல கேள்வி. இன்னைக்கு அதைப் பத்திதான் பேசப்போறோம்.

முதல்ல ஒரு பெரிய விமானம். 2024 அக்டோபர் 11, சாயங்காலம். திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பின ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் போயிங் 737-ல ஹைட்ராலிக் கோளாறு. ரெண்டு மணி நேரத்துக்கும் மேல அது வானத்துல வட்டமடிச்சுது. நியூஸ் சேனல்கள்ல நேரலை. டெல்டா முழுக்க டிவி முன்னாடி உட்கார்ந்திருந்துச்சு. கடைசியில சக்கரம் வழக்கம்போல இறங்கி, விமானம் பத்திரமா திருச்சியிலேயே தரையிறங்குச்சு.

ஏன் அவ்வளவு நேரம் சுத்துனாங்க? நிறைய பேர் "சக்கரம் இறங்கலை"ன்னு நினைச்சாங்க. ஆனா எரிபொருளை எரிச்சு எடையைக் குறைக்கத்தான் சுத்துனாங்க. 737-ல எரிபொருளை வெளியே கொட்ட வழி கிடையாது. ஓடுதளத்தோட நீளத்துக்கு ஏத்த எடைக்கு வரணும்னா, பறந்து எரிச்சுத்தான் ஆகணும்.

சரி, ஹைட்ராலிக்னா என்ன? குழாய்க்குள்ள எண்ணெயை அழுத்தி, அந்த அழுத்தத்தால கனமான பொருளை நகர்த்துறது. டிராக்டர் பின்னாடி கலப்பையைத் தூக்குறதும் அதே வேலைதான். திருவாரூர் ஆழித்தேருக்கு, திருச்சி பெல் நிறுவனம் போட்டுக் கொடுத்த பிரேக்கும் ஹைட்ராலிக்தான்.

ஆனா தேரோட்டத்தைப் பார்த்தவங்களுக்குத் தெரியும். ஹைட்ராலிக் பிரேக் வந்தப்புறமும் முட்டுக்கட்டை போடுற ஆட்கள் சக்கரத்துக்குப் பக்கத்துலேயே ஓடிட்டிருப்பாங்க. விமானத்துலயும் அப்படி ஒரு முட்டுக்கட்டை உண்டு. 737-ல ஹைட்ராலிக் போயிட்டா, விமானி அறையில இருக்குற கைப்பிடிகளை இழுத்து சக்கரத்தோட பூட்டை விடுவிக்கலாம். சக்கரம் தன் எடையாலேயே கீழே விழுந்து நிக்கும். சின்ன விமானத்துலயும் இதே யோசனைதான். பைப்பர் ஆரோ மாதிரி விமானங்கள்ல சக்கரத்தை மேலே தூக்கி வெச்சிருக்கிறதே எண்ணெய் அழுத்தம்தான். அழுத்தம் போனா சக்கரம் தானா இறங்கிடும்.

அப்போ எங்கேதான் தப்பு நடக்குது?

பெரும்பாலும் ரொம்பச் சின்ன இடத்துல. 2007-ல ஸ்கேண்டிநேவியன் ஏர்லைன்ஸோட கியூ400 விமானங்கள்ல, ரெண்டு மாசத்துக்குள்ள மூணு தடவை சக்கரக் கோளாறு. உயிர்ச்சேதம் இல்லை. முதல் ரெண்டு சம்பவத்துல, சக்கரத்தை இயக்குற தண்டோட மரை துருப்பிடிச்சு விட்டுப்போயிருந்துச்சு. மூணாவதுல, கழன்று வந்த ஒரு ரப்பர் வளையம் எண்ணெய் போற வழியை அடைச்சிருந்துச்சு. அந்த நிறுவனம் கியூ400 வகையையே ஓட்டுறதை நிறுத்திடுச்சு. கவனிங்க, அவை பத்து வயசுகூட ஆகாத விமானங்கள்!

நம்ம நாட்டுலயும், 2025 செப்டம்பர் 12 அன்னைக்கு, குஜராத் காண்ட்லாவிலிருந்து மும்பைக்குக் கிளம்பின ஸ்பைஸ்ஜெட் கியூ400-ல ஒரு சக்கரம் கழன்று ஓடுதளத்துலேயே விழுந்துச்சு. ஒரு பயணி ஜன்னல் வழியா எடுத்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீங்க. அந்த விமானத்துல ஒவ்வொரு பக்கமும் ரெட்டைச் சக்கரம். மிச்சமிருந்த சக்கரத்தோட மும்பையில பத்திரமா இறங்கிட்டாங்க.

வயசுன்னா வருஷம் இல்லை

தஞ்சாவூர்ப் பக்கம் பழைய டிராக்டர் வாங்கப் போறவர் எந்த வருஷ மாடல்னு மட்டும் கேட்கமாட்டார். "எத்தனை மணி நேரம் ஓடியிருக்கு? சேத்துழவுக்குப் போயிருக்கா?"ன்னு கேட்பார். வண்டி எத்தனை வருஷம் இருந்துச்சுங்கிறதைவிட என்ன பாடு பட்டுச்சுங்கிறதுதான் அவருக்கு முக்கியம்.

விமானச் சக்கரத்துக்கும் அதே கணக்குதான். அதுக்கு அடி விழுறது தரையைத் தொடும்போது. சென்னையிலிருந்து டெல்லிக்குப் போற ஜெட் கிட்டத்தட்ட மூணு மணி நேரம் பறந்து ஒரு தடவை இறங்கும். பயிற்சிப் பள்ளியில இருக்குற செஸ்னா 172, மாணவர் பழகுறதுக்காக ஒரு மணி நேரத்துல அஞ்சாறு தடவை இறங்கி ஏறும். அதுவும் யார் கையில? இப்பத்தான் கத்துக்கிறவங்க கையில!

செஸ்னா 172-ல சக்கரம் உள்ளே மடங்காது. பின் ரெண்டு காலும் வில் மாதிரி வளைஞ்சு கொடுக்குற எஃகு, அடியைத் தாங்கும். மூக்குச் சக்கரம் அப்படி இல்லை. அது காத்தும் எண்ணெயும் நிரப்பின ஷாக் அப்சார்பர் மேல நிக்குது. மாணவர் அவசரப்பட்டு மூக்கை முதல்ல தரையில குத்தினா, அதிர்ச்சி என்ஜினுக்குப் பின்னாடி இருக்குற தடுப்புத் தகடு வரைக்கும் போகும். தகடு நெளியலாம், நுண்ணிய விரிசல் விடலாம். வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது.

2025 நவம்பர் 13 அன்னைக்கு, சேலத்திலிருந்து வந்த ஒரு பயிற்சி விமானம் தொழில்நுட்பக் கோளாறால, கீரனூர் பக்கம் திருச்சி - புதுக்கோட்டை தேசிய நெடுஞ்சாலையிலேயே இறங்குச்சு. முன்பக்கம் சேதம். உள்ளே இருந்த ரெண்டு பேருக்கும் ஒண்ணும் ஆகலை. இந்த மாதிரி நாள்லதான் சக்கரத்தை நம்பி உயிர் இருக்கு.

அதனால நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணு. கேட்டுட்டிருக்குறவங்கள்ல பைலட் ஆகணும்னு நினைக்கிறவங்க இருப்பீங்க. நிலத்தை வித்து, கடன் வாங்கிப் பயிற்சிக்கு அனுப்புற குடும்பங்கள் நம்ம ஊர்கள்லயும் உண்டு. ஒரு நாள் நீங்க விமானத்தை 'தொம்'னு இறக்குவீங்க. யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. சொன்னா திட்டு விழுமோ, மறுபடி பணம் கட்டச் சொல்வாங்களோன்னு பயம் வரும். அப்பவும் சொல்லுங்க. பதிவேட்டுல எழுதுங்க. "ஹார்டு லேண்டிங்"னு எழுதிட்டா, மெக்கானிக் அந்தக் காலை அக்குவேறு ஆணிவேறா பார்ப்பார். எழுதலைன்னா, அந்த விரிசலோட அடுத்து ஏறப்போறது உங்க பேட்ச்மேட்.

கேள்வி கேட்ட நண்பருக்குப் பதில்: பழைய விமானத்துல தாராளமா ஏறலாம். அது எத்தனை தடவை எப்படி இறங்குச்சுன்னு மறைக்காம எழுதி, ஒவ்வொரு தடவையும் பரிசோதிச்சிருந்தா போதும். அடுத்த கேள்வியை அனுப்புங்க, பேசுவோம்.